மக்கர் செய்யும் சென்ட்ரல் லாக்

கம்ப்யூட்டர் இதழில் கார்க் கதவுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். சிடி டிரைவின் தட்டு வெளியே வராமல் சிக்கிக் கொண்டபோது நான்கு ஸ்குருக்களைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தவரா நீங்கள்? அப்படியானால் காரின் சென்ட்ரல் லாக்கைப் பாதி புரிந்து கொண்டு விட்டீர்கள். இரண்டிலும் இருப்பது ஒரு சிறிய டிசி மோட்டார், சில பிளாஸ்டிக் பல்சக்கரங்கள், முன்னும் பின்னும் நகரும் ஒரு பல்தண்டு. மின்சாரத்தை ஒரு திசையில் கொடுத்தால் தட்டு வெளியே வரும். திசையை மாற்றினால் உள்ளே போகும். கார்க் கதவில் தட்டுக்குப் பதிலாகப் பூட்டின் கம்பி நகர்கிறது, அவ்வளவுதான்.

நான் இதில் இறங்கியதற்குக் காரணம் என் அம்மா. எங்கள் வீட்டுக் கார் 2009ல் வாங்கியது. அப்போது நான் ஏழாம் வகுப்பு. வண்டி வாங்கிய அன்றே அக்சஸரீஸ் கடையில் விட்டு சென்ட்ரல் லாக் பொருத்தி எடுத்து வந்தார் அப்பா. 15 ஆண்டுப் பதிவு முடிந்து, மேலும் 5 ஆண்டுகளுக்குப் புதுப்பித்தாகி விட்டது. எஞ்சின் நன்றாகவே இருக்கிறது. ஆனால் பின்பக்க இடது கதவு மட்டும் சில நாள் ரிமோட்டுக்குக் கட்டுப்படும், சில நாள் கட்டுப்படாது. மதுரையில் உள்ள ஒரு கார் எலக்ட்ரீஷியன் மோட்டாரை மாற்றினார். பத்து நாளில் பழைய கதை. மறுபடியும் மாற்றினார். இரண்டுக்கும் சேர்த்து 2,600 ரூபாய் ஆனது.

போன ஏப்ரலில் ஒரு நாள் அம்மாவைப் பின்சீட்டில் உட்கார வைத்து விட்டு, மருந்து வாங்க அப்பா கடைக்குள் போயிருக்கிறார். நடந்து கொண்டே ரிமோட்டை அமுக்கும் பழக்கம் அவருக்கு. நான்கு கதவுகளும் பூட்டிக் கொண்டன. வெயில் தாங்காமல் அம்மா இறங்கப் பார்த்தபோது இடது கதவின் லாக் குமிழ் மேலே வரவில்லை. மூட்டு வலியால் அவரால் அந்தப் பக்கம் நகரவோ முன்சீட்டுக்குத் தாண்டவோ முடியாது. போன் செய்திருக்கிறார். அப்பா அங்கிருந்தே ரிமோட்டை அமுக்கியும் அந்தக் கதவு திறக்கவில்லை. வந்து முன்கதவு வழியாகக் கையை நீட்டிக் குமிழைப் பலம் கொண்டு இழுத்த பிறகுதான் திறந்தது. எல்லாம் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். எங்கள் காரின் பின்கதவுகளில் கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்கும் பழைய கைப்பிடி இருப்பதால் அம்மா காற்றுக்காவது வழி செய்து கொண்டார். பவர் விண்டோவாக இருந்து, சாவியும் அப்பாவின் சட்டைப்பையில் இருந்திருந்தால்? அன்று இரவு "அந்த எலக்ட்ரிக் சமாச்சாரம் எல்லாத்தையும் கழட்டிப் போட்டுடலாம்டா" என்றார் அப்பா. "சனிக்கிழமை வர்றேன்ப்பா, அதுவரைக்கும் தொடாதீங்க" என்றேன்.

உள்ளே என்ன இருக்கிறது?

மின்சாரத்தில் இயங்கும் கதவுப் பூட்டு புதியதல்ல. அமெரிக்காவில் 1956ம் ஆண்டின் பேக்கார்ட் கார்களிலேயே வந்து விட்டது. ரிமோட்டால் திறப்பது 1980களின் தொடக்கத்தில் பிரான்சின் ரெனோ ஃபியூகோ காரில் வந்தது. நம் ஊரில் ஓடும் பழைய சின்ன கார்களில் பலவற்றுக்கு இது கம்பெனியில் இருந்து வரவில்லை. வெளியே வாங்கிப் பொருத்திய கிட்தான். இந்தக் கட்டுரையும் அந்த வகையைப் பற்றியதே.

கிட்டில் மூன்று பகுதிகள் இருக்கும். முதலாவது, டேஷ்போர்டின் அடியில் ஒளிந்திருக்கும் கன்ட்ரோல் யூனிட். இரண்டாவது, கதவுகளுக்குள் இருக்கும் ஆக்சுவேட்டர்கள். பார்க்கத் துப்பாக்கி போல இருப்பதால் கடைகளில் இதனை 'கன்' என்பார்கள். மூன்றாவது, இவற்றை இணைக்கும் ஒயர்கள். மூன்றாவதைத்தான் யாரும் மதிப்பதில்லை. எனக்குத் தலைவலி தந்ததும் அதுதான்.

ஆக்சுவேட்டரில் இரண்டு வகை உண்டு. டிரைவர் கதவில் இருப்பது 5 ஒயர் கொண்டது. பல கிட்களில் இன்னொரு முன்கதவிலும் இதுவே இருக்கும். இரண்டு ஒயர்கள் மோட்டாருக்கு. மற்ற மூன்றும் உள்ளே இருக்கும் ஒரு சிறிய சுவிட்சுக்கு. சாவியைப் போட்டுத் திருப்பும்போதோ குமிழை அழுத்தும்போதோ இந்த சுவிட்ச்தான் "டிரைவர் பூட்டி விட்டார், எல்லாரும் பூட்டுங்கள்" என்று கன்ட்ரோல் யூனிட்டுக்குச் சொல்கிறது. பின்கதவில் இருப்பது 2 ஒயர் கொண்டது. அதில் மோட்டார் மட்டும்தான். வழக்கமாக மோட்டார் ஒயர்கள் நீலமும் பச்சையுமாக இருக்கும். ஆனால் நிறத்தை நம்பி வேலை செய்யாதீர்கள், கிட்டுக்குக் கிட்டு மாறும்.

இப்போது கன்ட்ரோல் யூனிட்டுக்கு வருவோம். அதற்குள் இரண்டு ரிலேக்கள் இருக்கின்றன. சும்மா இருக்கும் நேரத்தில் மோட்டாரின் இரண்டு ஒயர்களும் இந்த ரிலேக்கள் வழியாக எர்த்துடன்தான் இணைந்திருக்கும். பூட்டச் சொன்னதும் முதல் ரிலே 'டிக்' என்று மாறி, நீல ஒயருக்கு 12 வோல்ட் கொடுக்கும். பச்சை ஒயர் எர்த்திலேயே இருப்பதால் மோட்டார் ஒரு பக்கம் சுற்றும். திறக்கச் சொன்னால் இரண்டாவது ரிலே பச்சைக்கு 12 வோல்ட் கொடுக்கும். நீலம் எர்த்தில் இருக்கும். மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். ரோபோ பொம்மை செய்பவர்கள் 'எச் பிரிட்ஜ்' என்று சொல்வார்களே, அதே வேலையைத்தான் இங்கே இரண்டு ரிலேக்கள் செய்கின்றன. மின்சாரம் பாய்வது சுமார் அரை வினாடிதான். அதற்குமேல் பாய்ந்தால் சின்ன மோட்டார் சூடாகி விடும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சிடி டிரைவில் தட்டு முழுவதும் வெளியே வந்ததா என்று சொல்ல ஒரு சுவிட்ச் உண்டு. 2 ஒயர் ஆக்சுவேட்டரில் அது கிடையாது. கன்ட்ரோல் யூனிட் அரை வினாடி மின்சாரம் அனுப்பி விட்டு, வேலை முடிந்தது என்று இருந்து விடும். கதவு உண்மையிலேயே பூட்டியதா, திறந்ததா என்று அதற்குத் தெரியாது. நெட்வொர்க் படித்தவர்களுக்கு யூடிபி நினைவுக்கு வரும். பாக்கெட்டை அனுப்பி விடுவோம், போய்ச் சேர்ந்ததா என்று கேட்க மாட்டோம். ஆகவே ரிமோட்டை அமுக்கியதும் இண்டிகேட்டர் சிமிட்டுவதும் ஹாரன் சிறிதாக ஒலிப்பதும் 'கட்டளை கொடுத்தாயிற்று' என்பதற்கு மட்டுமே அடையாளம். 'கதவு திறந்தாயிற்று' என்பதற்கு அல்ல.

கழற்றும் முன் யோசிக்கவும்

ஸ்குரு டிரைவரை எடுக்கும் முன், எது வேலை செய்கிறது என்று பாருங்கள். நான்கு கதவும் அசையவில்லை என்றால் கதவுக்குள் கை வைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஃபியூஸ், கன்ட்ரோல் யூனிட்டின் எர்த் ஒயர், பேட்டரி என்ற வரிசையில் பார்க்கவும். எஞ்சின் ஓடாத நேரத்தில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். ரிமோட்டை அமுக்கும்போது டேஷ்போர்டின் அடியில் 'டிக்' என்ற சத்தம் கேட்டால் யூனிட் உயிரோடுதான் இருக்கிறது. சத்தமே இல்லை, ஆனால் டிரைவர் கதவில் சாவி போட்டால் எல்லாம் பூட்டுகிறது என்றால் ரிமோட்டின் பேட்டரியை மாற்றவும். இதற்கு நேர்மாறாக, ரிமோட்டில் எல்லாம் சரி, சாவி போட்டால் மட்டும் மற்ற கதவுகள் கேட்பதில்லை என்றால் டிரைவர் கதவின் 5 ஒயர் ஆக்சுவேட்டரில் உள்ள சுவிட்சோ அதன் மூன்று ஒயர்களில் ஒன்றோ போயிருக்கிறது. பூட்டியவுடன் தானே திறந்து, மறுபடி பூட்டி என்று கதவுகள் கூத்தாடுவதும் பெரும்பாலும் இதே சுவிட்சின் வேலைதான். கம்பி முழுத் தூரமும் போகாததால் சுவிட்ச் நடுவில் தத்தளிக்கிறது.

ஒரே ஒரு கதவு மட்டும் படுத்தினால் கோளாறு அந்தக் கதவிலோ அதற்குப் போகும் ஒயரிலோதான் இருக்கும். இங்கே பைனரி சர்ச் முறையைப் பயன்படுத்துங்கள். பாதையின் நடுப்புள்ளி, கதவுக்குள் ஆக்சுவேட்டருக்கு வரும் கனெக்டர். அதுவரை மின்சாரம் ஒழுங்காக வருகிறதா? வந்தால் மோட்டாரையும் பூட்டையும் பாருங்கள். வரவில்லை என்றால் ஒயரைப் பாருங்கள். எங்கள் எலக்ட்ரீஷியன் இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே மோட்டாரை மாற்றியிருக்கிறார், அதுவும் இரண்டு முறை.

டோர் பேடைக் கழற்றுதல்

கார்ச் சாவியை வண்டிக்குள் வைக்காமல் சட்டைப்பையில் வைத்துக் கொள்ளுங்கள். வேறு ஒரு கதவின் கண்ணாடியையும் இறக்கி விடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி விட்டு ஆரம்பிக்கவும். சோதிக்கும்போது மட்டும் மாட்டிக் கொள்ளலாம். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள வண்டி என்றால் கதவை நீங்களாகப் பிரிக்க வேண்டாம்.

கண்ணாடி ஏற்றும் கைப்பிடியில் ஸ்குரு எதுவும் தெரியாது. பின்னால் ஒரு சிறிய கம்பி கிளிப் பிடித்திருக்கும். பழைய பனியன் துணியைக் கைப்பிடிக்கும் டோர் பேடுக்கும் இடையில் விட்டு, ஷூ பாலிஷ் போடுவது போல இரு பக்கமும் இழுத்தால் கிளிப் வெளியே தெறிக்கும். எங்கே தெறிக்கிறது என்று பார்த்துக் கொள்ளுங்கள். அதைத் தேடியே எனக்கு இருபது நிமிடம் போனது. பிறகு கைப்பிடி ஸ்குருக்களைக் கழற்றி, பேடின் அடிப்பக்கத்தில் இருந்து மெதுவாக நெம்பினால் பிளாஸ்டிக் கிளிப்கள் ஒவ்வொன்றாக விடும். உள்ளே கறுப்புப் பிசினில் ஒட்டிய பாலிதீன் ஷீட் ஒன்று இருக்கும். பலர் இதைக் கிழித்து எறிந்து விடுகிறார்கள். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர் காருக்குள் வராமல் தடுப்பது அதுதான். ஒரு ஓரத்தை மட்டும் உரித்து, முடிந்ததும் அழுத்தி ஒட்டி விடவும். கதவின் அடியில் உள்ள தண்ணீர் வடியும் துளைகளையும் ஒரு குச்சியால் சுத்தம் செய்யலாம். அவை அடைத்தால் தண்ணீர் உள்ளேயே தேங்கும்.

கதவு திறந்த நிலையிலேயே பூட்டைச் சோதிக்க வேண்டும் என்பது மிக முக்கியம். கொக்கியை ஸ்குரு டிரைவரால் அழுத்தினால், கதவு மூடியதாகப் பூட்டு நினைத்துக் கொள்ளும். பூட்டித் திறந்து பார்த்து விட்டு, கைப்பிடியை இழுத்துக் கொக்கியை விடுவித்த பிறகுதான் கதவைச் சாத்த வேண்டும். கோளாறான பூட்டோடு கதவைச் சாத்தி, அது திறக்காமல் போய்விட்டால் பேடைக் கழற்றுவதே பெரும்பாடாகி விடும்.

மல்டிமீட்டர் சொன்ன பொய்

கனெக்டரைக் கழற்றி, இரண்டு ஒயர்களிலும் மல்டிமீட்டரை வைத்தேன். மலிவான மீட்டர் வினாடிக்கு இரண்டு மூன்று முறைதான் அளக்கும் என்பதால், அரை வினாடி மின்சாரத்தைப் பிடிக்கத் தம்பி நாலைந்து தடவை ரிமோட்டை அமுக்க வேண்டியிருந்தது. 12 வோல்ட் வந்தது. திறக்கச் சொன்னால் மைனஸ் 12. கதவைச் சாத்தி, ஒயரை ஜன்னல் வழியாக வெளியே எடுத்துப் பார்த்தபோதும் அதே 12. ஒயர் நன்றாக இருக்கிறது, மோட்டார்தான் கெட்டது என்று நானும் நினைத்திருப்பேன். ஆனால் மோட்டார் புதியது.

பிறகுதான் கல்லூரி லேபில் வாங்கிய திட்டு நினைவுக்கு வந்தது. மல்டிமீட்டர் கிட்டத்தட்ட மின்சாரமே எடுக்காது. அதன் உள் ரெசிஸ்டன்ஸ் பொதுவாக 10 மெகா ஓம். ஒயர் அறுந்து, இரண்டு இழைகள் மட்டும் தொட்டும் தொடாமலும் இருந்து, அந்த இடத்தில் 100 ஓம் ரெசிஸ்டன்ஸ் இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். 10 மெகா ஓம் முன்னால் 100 ஓம் ஒன்றுமே இல்லை. மீட்டர் முழு 12 வோல்ட்டையும் காட்டும். ஆனால் மோட்டாருக்குச் சில ஆம்பியர் தேவை. அது 100 ஓம் வழியாக வராது.

ஆகவே காரின் பிரேக் லைட்டில் போடும் 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர்களைச் சுற்றி, மீட்டருக்குப் பதிலாக மாட்டினேன். எரியும்போது இந்தப் பல்பின் ரெசிஸ்டன்ஸ் சுமார் 7 ஓம். வழியில் 100 ஓம் இருந்தால் பல்புக்கு ஒரு வோல்ட் கூடக் கிடைக்காது. கதவு திறந்திருக்கும்போது ரிமோட்டை அமுக்கினால் பல்பு பளிச்சென்று ஒரு முறை மின்னியது. கதவைச் சாத்தி விட்டு அமுக்கினால் ஒன்றுமில்லை. மறுபடி திறந்தால் மின்னுகிறது!

இரண்டு தடவையும் மோட்டாரை மாற்றியவர் கதவைத் திறந்து வைத்துத்தான் சோதித்திருப்பார். அது வேலை செய்திருக்கும். கதவைச் சாத்தியதும் ஒயர் மடங்கி இழைகள் விலகிக் கொண்டன. 'என் கம்ப்யூட்டரில் வேலை செய்கிறதே' என்று நாங்கள் ஆபீசில் சொல்வோமே, அதே கதைதான்.

கதவுக்கும் வண்டியின் தூணுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழாயை உருவினேன். உள்ளே போகும் ஒயர்களை ஒவ்வொன்றாக மெதுவாக இழுத்துப் பார்க்கவும். நல்ல ஒயர் விறைப்பாக நிற்கும். உள்ளே செம்பு அறுந்த ஒயர் ரப்பர் பேண்ட் போல நீளும், ஏனென்றால் அந்த இடத்தில் மேலுறை மட்டும்தான் இருக்கிறது. பச்சை ஒயர் நீண்டது. ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஒரு நாளைக்கு 6 முறை என்று வைத்தாலும் 15 ஆண்டில் அந்தக் கதவு 32,850 முறை திறந்து மூடியிருக்கும். ஒவ்வொரு முறையும் அந்த ஒயர் அதே இடத்தில் மடங்கியிருக்கிறது.

அறுந்த இடத்திலேயே சால்டர் வைத்து ஒட்டாதீர்கள். சால்டர் இழைகளுக்குள் ஊறி ஒயரைக் கம்பி போல விறைப்பாக்கி விடும். அடுத்த முறை அதன் ஓரத்தில் அறுந்து போகும். வண்டிக்குள் ஓரிடத்தில் இருந்து கதவுக்குள் ஓரிடம் வரை புது ஒயரை ஒரே துண்டாக விட்டு, இணைப்பு இரண்டும் மடங்காத இடத்தில் வருமாறு செய்யவும். 1 சதுர மில்லிமீட்டர், நிறைய மெல்லிய இழைகள் கொண்ட ஆட்டோ ஒயர் வாங்கவும். வீட்டு ஒயரிங்குக்குப் போடும் ஒற்றைக் கம்பி இங்கே உதவாது. இணைப்பின் மேல் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். இன்சுலேஷன் டேப் நம் வெயிலில் பிசின் விட்டு உரிந்து விடும். நீலத்தையும் சேர்த்தே மாற்றினேன். அதுவும் அதே 15 ஆண்டு மடங்கியதுதானே.

ஏன் குமிழ் வரவில்லை?

ஒயர் அறுந்தால் மோட்டார் ஓடாது, சரி. ஆனால் கையால் குமிழைத் தூக்க முடியாமல் போனது ஏன்? இந்த வகை ஆக்சுவேட்டர் மின்சாரம் இல்லாதபோது கையசைவுக்கு விட்டுக் கொடுக்க வேண்டும். அம்மாவைச் சிக்க வைத்தது ஒயர் அல்ல. அது ரிப்பேர் செய்ததால் வந்த கோளாறு.

ஆக்சுவேட்டரின் தண்டு முன்பின்னாக 2 சென்டிமீட்டர் அளவு நகரும். அதை ஒரு கம்பியால் பூட்டின் கம்பியோடு சிறிய கிளாம்ப் ஸ்குரு போட்டு இணைப்பார்கள். தண்டும் பூட்டும் ஒரே நேரத்தில் 'திறந்த' முனையில் இருக்கும்போது ஸ்குருவை முறுக்க வேண்டும். இரண்டாவது முறை மாற்றியபோது அவசரத்தில் சாய்வாகவும் முனை தவறியும் முறுக்கியிருக்கிறார்கள். பூட்டும்போதெல்லாம் கம்பி வளைந்து, கதவின் உள்தகட்டு விளிம்பில் உரசி, கடைசியில் மாட்டிக் கொண்டது. ஒரு பக் சரிசெய்யப் போய் இன்னொரு பக் எழுதி வைத்த கதை. கிளாம்ப்பைத் தளர்த்தி, கம்பியை நேராக்கி, குமிழைக் கையால் இருபது முறை ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகே முறுக்கினேன். இரு விரலால் லேசாகத் தூக்கினாலே குமிழ் வர வேண்டும். அதற்கு முன் மின்சாரம் கொடுக்கக் கூடாது. கெட்டியாகிப் போன பழைய கிரீஸைத் துடைத்து, வெள்ளை லித்தியம் கிரீஸ் கொஞ்சம் வைத்தேன்.

கம்பெனியில் இருந்தே சென்ட்ரல் லாக் வந்த கார் என்றால் ஒரு எச்சரிக்கை. அவற்றில் பலவற்றின் மோட்டாருக்குள் சூடானால் மின்சாரத்தைக் குறைக்கும் பிடிசி என்ற பாகம் உண்டு. சோதிக்கிறேன் என்று ரிமோட்டைத் தொடர்ந்து அமுக்கினால் மோட்டார் நின்று விடும். கெட்டு விட்டது என்று முடிவு கட்டாமல் சில நிமிடம் ஆற விடவும்.

ரிமோட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலிவான கிட்களில் ரிமோட் ஒவ்வொரு முறையும் ஒரே கோடைத்தான் அனுப்புகிறது. இவற்றில் அதிகம் காணப்படும் சிப் வகை ஒன்றில் அடையாள எண் 20 பிட், அதாவது 10,48,576 எண்களில் ஒன்று. அதை ஒருவர் காற்றில் பதிவு செய்து கொண்டால் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு அழுத்தலுக்கும் கோடு மாறும் ரோலிங் கோடு முறை இதைவிட எவ்வளவோ மேல். அதையும் ஏமாற்றலாம் என்று 2015ல் அமெரிக்காவின் டெஃப்கான் மாநாட்டில் சாமி காம்கர் ஒரு சிறிய கருவியை வைத்துக் காட்டினார். ஆகவே லேப்டாப்பைப் பின்சீட்டில் வைத்து விட்டு ரிமோட்டை நம்பிப் போகாதீர்கள். புது கிட் வாங்கும்போது ரோலிங் கோடா என்று கேட்டு வாங்கவும்.

எங்கள் வேலைக்கு மொத்தச் செலவு ஒயர், ஸ்லீவ், ஒரு பல்பு எல்லாம் சேர்த்து 100 ரூபாய்க்குள். சனிக்கிழமை மதியம் தொடங்கி விளக்கு வைக்கும் நேரம் ஆனது. பேடை மாட்டி விட்டு அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். பூட்டினேன், கதவு பூட்டியது. "நீயா திறம்மா" என்றேன். குமிழை இரு விரலால் தூக்கித் திறந்து இறங்கினார். அப்பா இப்போதும் நடந்து கொண்டே ரிமோட்டை அமுக்குகிறார். ஆனால் யாராவது உள்ளே இருந்தால் பின்கண்ணாடியைப் பாதி இறக்கி விட்டுத்தான் அம்மா அவரைப் போக விடுகிறார்.